இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை: காத்திருக்கலாமா, காட்டிவிடலாமா?

தறிவீட்டு மருமகள், குடியாத்தம்
செவ்வாய், இரவு 10.20

வணக்கம். இங்கே இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன். என் மகனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம். அம்மா, அப்பா, தா, போ, பால், பூனைக்கு "மியா", இன்னும் ஒன்றிரண்டு. விரல்விட்டு எண்ணினால் பத்தைத் தாண்டவில்லை. எதிர்வீட்டுப் பெண் இவனைவிட ஒரு மாதம் இளையவள். "அத்தை, பாப்பாவுக்குச் சட்டை போடு" என்று என்னிடமே வந்து சொல்கிறாள்.

இவன் மந்தமான பிள்ளை இல்லை. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவான். எட்டாவிட்டால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அலமாரி முன்னால் நிறுத்துவான். மாமியார், "உன் வீட்டுக்காரன் நாலு வயதில்தான் வாய் திறந்தான், ஆண் பிள்ளைக்கு அப்படித்தான்" என்கிறார். தடுப்பூசி போடப் போனபோது ஒரு மருத்துவரிடம் கேட்டேன். மூன்று வயது வரை பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

காது கேட்கிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். போன மாதம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் வெடிச் சத்தம் கேட்டு வீறிட்டு அழுதான். ஆனால் வீட்டில் பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தால் பல நேரம் திரும்புவதில்லை. எங்கள் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது, அந்த இரைச்சலில் கேட்டிருக்காது என்று விட்டுவிடுகிறேன்.

பேச்சுப் பயிற்சி என்று ஒன்று இருப்பது தெரியும். அது எந்தக் குழந்தைக்கு, எப்போது? இப்போதே போனால் அவசரப்படுகிறேனா?

---

ஓய்வுபெற்ற தபால்காரன், சத்துவாச்சாரி
செவ்வாய், இரவு 11.05

மகளே, கவலைப்படாதே. நான்கு பிள்ளைகளையும் ஏழு பேரப் பிள்ளைகளையும் பார்த்தவன் சொல்கிறேன். என் மூன்றாவது பேரன் இரண்டரை வயது வரை "ம்", "ஊ" என்பதோடு சரி. மூன்று முடிவதற்குள் மழை கொட்டியதுபோல் பேசினான், இன்று பொறியியல் படிக்கிறான். ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு நேரத்தில் பூக்கிறது. எதிர்வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு உன் பிள்ளையை நீயே குறைத்து எடை போடாதே.

வசம்பைச் சுட்டு, தேனில் குழைத்து நாக்கில் தடவச் சொல். பிள்ளை வளர்ப்பான் என்று அதற்குப் பெயர் சும்மா வரவில்லை. இந்த வயதிலேயே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனால், பேசாத பிள்ளை என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். அதுதான் எனக்குப் பயம்.

---

ஆற்காட்டு அம்மா
புதன், காலை 6.15

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். உங்கள் பேரன் பேசியதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் நீங்கள் சொன்னதைத்தான் எங்கள் வீட்டிலும் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அதனால் விடியற்காலையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

என் மகள் பிறந்தபோது காது சோதிக்கப்படவில்லை. ஒரு வயதில் பேச்சு இல்லை, ஒன்றரை வயதிலும் இல்லை. பிடிவாதக்காரி என்றோம். காது கேட்கிறதா என்று சந்தேகம் வந்தபோது என் அண்ணன் பித்தளைத் தாம்பாளத்தை அவளுக்குப் பின்னால் தரையில் போட்டார். சட்டென்று திரும்பினாள். அன்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம். அவள் திரும்பியது சத்தத்துக்காக இல்லை, தரை அதிர்ந்ததால்தான் என்பது எங்களுக்கு ஒரு வருடம் கழித்துத் தெரிந்தது. அப்பா வருவதை வாசலில் விழும் நிழலை வைத்துக் கண்டுகொள்வாள். கதவு அடைபடுவதைக் காற்றை வைத்து. பார்க்கிறவர்களுக்குக் கேட்கிற குழந்தை மாதிரியே இருப்பாள்.

இரண்டு வயது ஒன்பது மாதத்தில், ஒலிக்குக் காது நரம்பு எப்படிப் பதில் தருகிறது என்று தூங்கவைத்துப் பார்க்கும் பெரா சோதனையில் தெரிந்தது. இரண்டு காதும் மிகக் கடுமையான கேட்புக் குறை. முதலில் காது கருவி போட்டுப் பார்த்தார்கள், போதவில்லை. பிறகு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை செய்து உள்காதில் காக்ளியர் கருவி பொருத்தினார்கள். அந்தத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் செய்துகொள்ள வேண்டும் என்று வரம்பு இருக்கிறது. கருவி வைத்த அன்றே பேச்சு வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். கேட்பது என்றால் என்ன என்பதையே அவள் முதலிலிருந்து கற்றாள். வாரம் இரண்டு முறை வேலூர், மற்ற நாட்களில் வீட்டில் நான். இப்போது ஆறு வயது. பள்ளிக்குப் போகிறாள், பேசுகிறாள், என்னோடு சண்டை போடுகிறாள்.

ஆனால் அந்த ஒன்றரை வருடம் திரும்பி வராது. எந்தக் குழந்தை தானாகப் பேசும், எது பேசாது என்று அந்த வயதில் யாராலும் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது ஐயா.

குடியாத்தம் தங்கை, தறி நிற்கும் நேரத்தில் அழைத்துப் பாருங்கள். தாம்பாளம் வேண்டாம். அவன் முதுகுப் பக்கம் நின்று மெதுவாகக் கூப்பிடுங்கள்.

---

தறிவீட்டு மருமகள், குடியாத்தம்
புதன், இரவு 9.30

அக்கா, இன்று மதியம் கரண்ட் போய் தெருவில் எல்லாத் தறியும் நின்றது. நான் அடுப்படியிலிருந்து அவன் பெயரைச் சாதாரணக் குரலில் மூன்று முறை சொன்னேன். திரும்பவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னேன், திரும்பிச் சிரித்தான். பிஸ்கட் உறையைப் பின்னால் கசக்கினேன், அதற்கும் திரும்பவில்லை. பிஸ்கட் என்றால் அவனுக்கு உயிர்.

இத்தனை நாள் தறியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். ஐப்பசியிலிருந்தே மாற்றி மாற்றிச் சளி. வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவான், குறட்டையும் உண்டு. இதற்கும் பேச்சுக்கும் சம்பந்தம் இருக்குமா?

---

பேச்சுப் பயிற்சியாளர், வேலூர்
புதன், இரவு 11.40

சகோதரி, சம்பந்தம் இருக்கலாம். நான் இந்தத் தொழிலில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். உங்கள் குழந்தையைப் பார்க்காமல் இன்னது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு மூன்று வயது வரை காத்திருங்கள் என்றும் சொல்ல மாட்டேன்.

முதலில் காது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்குவது உண்டு. வலி இருக்காது, சீழ் வராது, காய்ச்சல்கூட இருக்காது. அதனால் யாருக்கும் தெரிவதில்லை. காதைப் பொத்திக்கொண்டு கேட்பதுபோல அந்தக் குழந்தைக்கு உலகம் கேட்கும். வெடி கேட்கும், தறி கேட்கும், நீங்கள் உரக்கக் கூப்பிட்டால் கேட்கும். சாதாரணக் குரலில் வரும் ச, த, ப போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிவிடும். ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், மறு வாரம் மந்தமாகும். பேச்சைக் கேட்டுத்தானே பேசக் கற்கிறார்கள்? பாதி எழுத்து அழிந்த புத்தகத்தில் படிக்கச் சொன்னால் எப்படியோ அப்படி. இதற்குச் சோதனை எளிது. காதில் சின்ன அடைப்பான் வைத்துச் செவிப்பறை எப்படி அசைகிறது என்று பார்ப்பார்கள், சில நிமிட வேலை. தேவைப்பட்டால், ஒலிக்கு உள்காது தரும் எதிரொலியைப் பதியும் ஓ.ஏ.இ. சோதனை, பெரா. ஆகவே பேச்சு தாமதம் என்று எந்தக் குழந்தை வந்தாலும் முதலில் கேட்புச் சோதனை. வெடிக்கு அழுதான், தொலைக்காட்சிப் பாட்டுக்கு ஓடி வந்தான் என்பதெல்லாம் சோதனை ஆகாது.

அடுத்து, எது எப்போது வர வேண்டும் என்பது. ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்ப வேண்டும். "பாபா", "தாதா" என்று அடுக்கிப் பிதற்ற வேண்டும், டாட்டா காட்ட வேண்டும். ஒன்றரை வயதுக்குள் சில சொற்களாவது பொருளோடு வர வேண்டும். சொல்லைவிட முக்கியமாக நான் பார்ப்பது விரலை. நிலாச்சோறு ஊட்டும்போது "நிலா எங்கே?" என்றால் கை மேலே போகிறதா? அதைவிட ஒரு படி மேலே, நீங்கள் கேட்காமலே நிலாவைக் காட்டி, உங்கள் முகத்தைப் பார்த்து, நீங்களும் பார்த்தீர்களா என்று உறுதி செய்துகொள்கிறானா? அந்தப் பார்வைதான் பேச்சின் வேர். வேண்டும் என்று காட்டுவது வேறு, "பாரேன்" என்று காட்டுவது வேறு. ஒன்றரை வயதிலும் இந்த இரண்டாவது இல்லையென்றால் சொல் இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

இரண்டு வயதில் ஏறத்தாழ ஐம்பது சொல், இரண்டிரண்டாகச் சேர்ப்பது: "அப்பா வா", "பால் தா", "பூனை போ". உங்கள் மகனிடம் இது வரவில்லை, அதனால்தான் இப்போதே என்கிறேன். மூன்று வயதில் வெளியாள் ஒருவருக்குக் குழந்தை பேசுவதில் முக்கால் பங்காவது புரிய வேண்டும், நான்கு வயதில் ஏறக்குறைய எல்லாமே. வீட்டில் அம்மாவுக்கு மட்டும் புரிந்து, அம்மாவே மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தால் அதுவும் ஓர் அறிகுறி.

எந்த வயதாக இருந்தாலும் ஒன்று மட்டும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது: பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை இழப்பது. பத்துச் சொல் இருந்தது, இப்போது மூன்றுதான் இருக்கிறது, கூப்பிட்டால் பார்ப்பதில்லை என்றால் உடனே குழந்தைநல மருத்துவரிடம் போக வேண்டும்.

பெரியவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. தாமதமாகப் பேசத் தொடங்கும் குழந்தைகளில் கணிசமானவர்கள் தாமாகவே எட்டிப் பிடித்துவிடுகிறார்கள், குறிப்பாக நன்றாகப் புரிந்துகொண்டு, சைகை காட்டி, விளையாடும் குழந்தைகள். ஆண் குழந்தைகள் சற்றுப் பின்தங்குவதும் உண்மை, ஆனால் அந்த வித்தியாசம் ஒன்றிரண்டு மாதக் கணக்கில்தான், வருடக் கணக்கில் இல்லை. காத்திருந்து பார்த்தால் எட்டிப் பிடிப்பவர் யார் என்று தெரிந்துவிடும், பிடிக்காதவருடைய காலம் போய்விடும். காட்டினால் என்ன நடக்கும்? தரையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் அவனோடு விளையாடுவோம். "பந்தை அப்பாவிடம் கொடு" என்று கையால் காட்டாமல் வாயால் மட்டும் சொல்லிப் பார்ப்போம். உங்களிடம் நிறையக் கேட்போம். ஒன்றும் இல்லையென்றால் வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லி அனுப்புவோம். பெயர் ஒட்டாது ஐயா. ஆறு வயதில் வகுப்பில் சொல்லத் தெரியாமல் நிற்கும்போதுதான் ஒட்டுகிறது.

---

ஆம்பூர் அப்பா
வியாழன், காலை 7.50

ஒரு சந்தேகம். எங்கள் வீட்டு மொழி உருது. தெருவில் தமிழ். மகள் போகும் மழலையர் பள்ளியில் ஆங்கிலம். அவளுக்கு வயது இரண்டே முக்கால். பள்ளியில் "மூன்று மொழியில் குழம்புகிறாள், வீட்டில் உருது பேசுவதை நிறுத்துங்கள்" என்றார்கள். என் மனைவி ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள், நானும் அப்படித்தான். பகல் முழுவதும் என் தாயார்தான் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு உருது தவிர வேறு தெரியாது. நிறுத்தச் சொன்ன நாளிலிருந்து அவர் குழந்தையிடம் பேசவே தயங்குகிறார், பக்கத்தில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டுகிறார். குழந்தை கைபேசி பார்க்கிறாள். எனக்கு இது சரியாகப் படவில்லை.

---

பேச்சுப் பயிற்சியாளர், வேலூர்
வியாழன், பிற்பகல் 1.30

சகோதரரே, இன்று மாலையே உங்கள் தாயாரைப் பேசச் சொல்லுங்கள். இரண்டு மொழி, மூன்று மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. நம் ஊரில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் வீடுகளில் உருது, சித்தூர் எல்லையோரக் கிராமங்களில் தெலுங்கு. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இரண்டையும் பேசி வளர்ந்திருக்கிறார்கள்.

எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். உருதில் நாற்பது, தமிழில் இருபது என்றால் அவளிடம் அறுபது சொல் இருக்கிறது. "பானி கொடு" என்று கலந்து சொன்னால் அது குழப்பம் இல்லை, இரண்டு சொல் சேர்ந்துவிட்டது என்று பொருள். உண்மையான தாமதம் இருந்தால் எல்லா மொழியிலும் இருக்கும். தமிழ் மட்டும் குறைவு, உருதில் கதை அளக்கிறாள் என்றால் அவளுக்குத் தேவை தமிழ் கேட்கும் வாய்ப்பு, சிகிச்சை இல்லை. உருதிலும் இரண்டு சொல் சேர்க்கவில்லை என்றால் கேட்புச் சோதனைக்கும் மதிப்பீட்டுக்கும் அழைத்துப் போங்கள். அப்போதும் பாட்டியின் மொழியைப் பறிக்காதீர்கள். மனதோடு, தடையில்லாமல் பேசுகிற ஒருவரிடம்தான் குழந்தை மொழி கற்கும்.

கைபேசியைப் பற்றி ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, இரண்டு வயதில் திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம், அதைவிடக் குறைந்தால் இன்னும் நல்லது என்று. ஒரு வயதுக் குழந்தைக்கு அதுவும் வேண்டாம். என்னிடம் வரும் சில குழந்தைகள் ஏ முதல் இசட் வரை பிசகாமல் ஒப்பிக்கிறார்கள், நிறங்களின் பெயரை ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியவில்லை. பெற்றோர் பெருமையோடு ஒப்பிக்கச் சொல்வார்கள், எனக்கு உள்ளே கனக்கும். திரை பேசும், குழந்தை சொன்னதற்குப் பதில் சொல்லாது.

---

காட்பாடி ஆசிரியை
வியாழன், இரவு 8.10

தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். இந்த உரையாடல் இரண்டு வயதைச் சுற்றியே போகிறது, ஐந்து ஆறு வயதைப் பற்றியும் பேசலாமா? என் வகுப்பில் ஒரு பையன், காக்காயைத் "தாத்தா" என்பான், கத்தியைத் "தத்தி" என்பான். மற்றப் பிள்ளைகள் "தாத்தா பறக்கிறதா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். அவன் இப்போது விடை தெரிந்தாலும் கை தூக்குவதில்லை. அவன் பெற்றோர் மழலை, போகப் போகச் சரியாகும் என்கிறார்கள்.

இன்னொரு பெண்ணுக்குத் திக்கல். சொல்லின் முதல் எழுத்தில் நின்றுவிடுகிறாள், கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள், கழுத்து நரம்பு தெரிகிறது. நான் என்ன செய்ய வேண்டும்? "மெதுவாகச் சொல்லம்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

---

பேச்சுப் பயிற்சியாளர், வேலூர்
வியாழன், இரவு 10.45

ஆசிரியை அம்மா, நீங்கள் அந்தப் பையன் கை தூக்காததைக் கவனித்தீர்களே, அதற்கே நன்றி.

க-வுக்குப் பதில் த வருவது மூன்று வயதுப் பிள்ளையிடம் இருந்தால் நான் பொறுத்திருப்பேன். ஒன்றாம் வகுப்பில் இருந்தால் பயிற்சி வேண்டும். க சொல்ல நாக்கின் பின்பகுதி மேலே எழ வேண்டும், இவன் நுனியை எழுப்புகிறான். எங்கே எழுப்புவது என்று காட்டிக்கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் சில மாதங்களில் பிடித்துக்கொள்கிறார்கள். ர, ற, ழ எல்லாம் பின்னால் வரும் ஒலிகள், அவற்றுக்குக் கூடுதல் காலம் கொடுக்கலாம். ழ விஷயத்தில் இன்னும் ஒரு எச்சரிக்கை. நம் வட ஆற்காட்டுப் பெரியவர்கள் பலர் வாழைப்பழத்தை "வாயப்பயம்" என்கிறார்கள். வீட்டில் கேட்டதைக் குழந்தை சொல்கிறது, அது வட்டார வழக்கு, நோய் இல்லை. மூக்கால் பேசுவதுபோல் குரல் ஒழுகினால் மட்டும் அண்ணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே தெரியாத அண்ணப் பிளவுகூட இருக்கலாம்.

திக்கலைப் பற்றி: இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் பல பிள்ளைகள் திக்குவார்கள், அவர்களில் பெரும்பாலோர் வெளியே வந்துவிடுவார்கள். "எனக்கு... எனக்கு... எனக்குப் பந்து" என்று முழுச் சொல்லைத் திருப்பிச் சொன்னால் நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். "ப, ப, ப, பந்து" என்று முதல் ஒலியில் சிக்குவது, "ஸ்ஸ்ஸ்" என்று இழுப்பது, குரலே எழாமல் அடைத்துப்போவது, கண்ணை இறுக்குவது, ஆறு மாதத்துக்கு மேல் நீடிப்பது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருப்பது, பேசப் பயந்து ஒதுங்குவது, இவை இருந்தால் தாமதிக்காமல் காட்ட வேண்டும். அந்தப் பெண்ணுக்குப் பல அறிகுறிகள் சேர்ந்திருக்கின்றன.

"மெதுவாகச் சொல்" என்று சொல்லாதீர்கள் அம்மா. அன்பாகத்தான் சொல்கிறீர்கள், அவளுக்கு அது "நீ தப்பாகப் பேசுகிறாய்" என்று கேட்கும். நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். அவள் முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள், சொல்லை எடுத்துக்கொடுத்து முடிக்காதீர்கள். எப்படிச் சொன்னாள் என்பதை விட்டுவிட்டு, என்ன சொன்னாள் என்பதற்குப் பதில் சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற தபால்காரன், சத்துவாச்சாரி
வெள்ளி, காலை 5.50

ஆற்காட்டு மகள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். தாம்பாளம் விழுந்து அதிர்ந்தது என்றாளே, அது மனதை விட்டுப் போகவில்லை. என் பேரன் பேசினான் என்பதால் எல்லாப் பேரனும் பேசுவான் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது.

ஆனாலும் கேட்கிறேன், வசம்பில் என்ன தவறு? என் தாய் எங்களுக்குத் தேய்த்தார். நாக்குக்கு அடியில் ஒட்டு இருந்தால் வெட்டிவிட வேண்டும் என்றும் சொல்வார்கள். அது?

---

பேச்சுப் பயிற்சியாளர், வேலூர்
வெள்ளி, பிற்பகல் 2.05

ஐயா, கேட்டது நல்லது. இந்தக் கேள்விகளை எங்களிடம் நேரில் கேட்கத் தயங்கி, வீட்டிலேயே செய்துவிடுகிறார்கள்.

நாக்கு அசைய வேண்டும் என்றால் முதலில் மூளைக்கு மொழி போய்ச் சேர வேண்டும். காது கேட்காத குழந்தையின் நாக்கில் எதைத் தடவினாலும் காது திறக்காது. வசம்பில் ஆசரோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது நல்லதில்லை என்று அமெரிக்காவில் 1968இல் உணவில் வசம்பு சேர்ப்பதையே தடை செய்தார்கள். கைக்குழந்தைகளுக்கு வாந்தி வரவைக்கும். ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது அதைவிட ஆபத்து, அதிலிருக்கும் கிருமி விதை குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம்.

நாக்கு ஒட்டு உண்மையில் உண்டு. பால் குடிக்கச் சிரமப்படுத்தும், சில ஒலிகளைக் கெடுக்கலாம். ஆனால் ஒட்டினால் ஒரு குழந்தை பேசாமலே இருக்காது. இரண்டு வயதில் சொல்லே வராத குழந்தைக்கு நாக்கை வெட்டிவிட்டுக் காத்திருந்து, நான்கு வயதில் எங்களிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

---

பீடித் தொழிலாளி, பேரணாம்பட்டு
வெள்ளி, இரவு 9.15

எல்லாம் சரி அக்கா, அண்ணா. ஆயிரம் பீடி சுற்றினால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். தனியார் இடத்தில் ஒவ்வொரு முறைக்கும் பணம் கேட்கிறார்கள், வாரம் இரண்டு முறை வரச் சொல்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது? என் தங்கை மகளுக்கு மூன்று வயதாகிறது, பேச்சு தெளிவில்லை.

---

அங்கன்வாடிப் பணியாளர், அணைக்கட்டு
சனி, காலை 8.40

உங்கள் ஊர் அங்கன்வாடியிலிருந்தே தொடங்குங்கள். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வரும். பதினெட்டு வயது வரை பார்ப்பார்கள். பேச்சு, கேட்பு, வளர்ச்சித் தாமதம் எல்லாம் அதில் அடக்கம். குறை தெரிந்தால், அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு ஆரம்பத்திலேயே உதவும் மாவட்ட இடையீட்டு மையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். வேலூருக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். கட்டணம் கிடையாது. குழு வரும் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நேரடியாகவும் போகலாம். பள்ளி வயது என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள்.

குழு வரும் அன்று குழந்தையை மறைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பாட்டி பேத்தியைக் கொல்லையில் உட்காரவைத்துவிட்டு "ஊருக்குப் போயிருக்கிறாள்" என்றார். குழந்தையின் பாவாடை நுனி வேலி இடுக்கில் தெரிந்தது. நான் போய் அழைத்து வந்தேன்.

---

ஆற்காட்டு அம்மா
சனி, காலை 10.20

பேரணாம்பட்டு தங்கைக்கு ஒன்று சேர்க்கிறேன். எங்கே போனாலும் பயிற்சி தருபவர் அதற்கென்று பட்டம் படித்து, இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. மூன்று மாதத்தில் பேசவைக்கிறேன் என்று உறுதி சொல்கிறவரிடம் பணம் கட்டாதீர்கள். நான் ஓரிடத்தில் கட்டி இழந்தேன். கதவைச் சாத்திவிட்டு உள்ளே பயிற்சி கொடுத்தார்கள், என்ன செய்கிறார்கள் என்று எனக்குக் காட்டவே இல்லை. வாரத்தில் ஒரு மணி அவர்கள் கையில், மற்ற நேரம் முழுவதும் நம் கையில். நமக்குக் கற்றுக்கொடுக்கிறவர்தான் நல்ல பயிற்சியாளர்.

---

தறிவீட்டு மருமகள், குடியாத்தம்
நான்கு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.00

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று இன்றுதான் நேரம் கிடைத்தது. போய்வந்தோம். இரண்டு காதிலும் நீர் தேங்கியிருக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர், பெரும்பாலும் தானாக வற்றும், மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்கலாம், அப்போதும் இருந்து கேட்பு குறைவாகவே இருந்தால் செவிப்பறையில் சின்னக் குழாய் வைப்பது பற்றி யோசிக்கலாம் என்றார். மூக்கின் பின்னால் உள்ள சதையையும் பார்த்தார்கள், கொஞ்சம் வீக்கம். நரம்பில் குறை இல்லை என்றார்கள். அதைக் கேட்டதும் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பேச்சு மதிப்பீட்டில், புரிந்துகொள்வது ஏறக்குறைய வயதுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பேசுவது ஒன்றேகால் வயது அளவில் என்றார்கள். மூன்று மாதமும் சும்மா இருக்க வேண்டாம், இப்போதே தொடங்குங்கள் என்று வீட்டுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். முதல் வேலை, தினமும் அரை மணி நேரம் தறியை நிறுத்துவது. வீட்டுக்காரர் முதலில் முகம் சுளித்தார், அரை மணி என்றால் துணி குறையும். இப்போது மூன்று மணி ஆனதும் அவரே நிறுத்துகிறார்.

அவன் உயரத்துக்குக் கீழே உட்கார்ந்து, முகம் பார்த்துப் பேசச் சொன்னார்கள். அவன் "பால்" என்றால் நான் "சூடான பால்" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்ல வேண்டும், திருப்பிச் சொல் என்று வற்புறுத்தக் கூடாது. எனக்கு மிகக் கடினமாக இருந்தது காத்திருப்பது. நான் கேட்டுவிட்டு, மூச்சு விடுவதற்குள் நானே பதிலும் சொல்லிவிடுகிறேனாம். மனதுக்குள் பத்து வரை எண்ணச் சொன்னார்கள். அந்தப் பத்து எவ்வளவு நீளம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

மாமியார் மருத்துவமனைக்கு வரவில்லை. ஆனால் தார் (தறி நாடாவில் வைக்கும் நூல் குச்சி) சுற்றும்போது இவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறார். சுற்றி முடித்த தாரை இவன் கையில் கொடுத்து, கூடையைக் காட்டி, "போடு" என்பார். போட்டதும் அடுத்தது, "போடு". நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, தாரைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்லாமல் கூடையைப் பார்த்தபடி இருந்தார். இவன் அவர் முகத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் பேசவில்லை. "போது" என்றான். டு வரவில்லை, பரவாயில்லை. மாமியார் அந்தத் தாரை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

இப்போது பதினேழு சொல். சுவரில் நாட்காட்டி பக்கத்தில் தாள் ஒட்டி எழுதி வருகிறேன். மறு சோதனை புரட்டாசி முதல் வாரம், வியாழக்கிழமை.

---

ஆற்காட்டு அம்மா
ஞாயிறு, மாலை 6.30

தாளைக் கிழிக்காதீர்கள் தங்கை, சோதனைச் சீட்டுகளோடு ஒரே பையில் வைத்துக் கொண்டுவாருங்கள். அவர்கள் கேட்பார்கள். நாங்களும் வியாழக்கிழமைதான் வேலூர் வருகிறோம், பத்து மணிக்கு மகளுக்குப் பயிற்சி. எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்று எழுதுங்கள், பழைய பஸ் நிலையத்தில் காத்திருக்கிறேன்.

---

தறிவீட்டு மருமகள், குடியாத்தம்
ஞாயிறு, இரவு 9.00

ஏழு மணி பஸ் அக்கா. மாமியாரும் வருகிறேன் என்கிறார்.